ஏரிக்கரையில் படி கட்டலாமா? உத்திரமேரூர் ஏரி வாரியம் சொல்லும் கணக்கு



வரும் பொதுக்குழுவில் விவாதிக்கவுள்ள தீர்மானங்களில் ஒன்று நம் பின்பக்க ஏரியைப் பற்றியது. மதில் சுவரில் ஒரு கதவு வைப்பது, அங்கிருந்து கரைமேல் ஏறப் படிகள், மறுபக்கம் தண்ணீர் வரை இறங்கப் படிகள், முடிவில் உட்கார்ந்து பார்க்க ஒரு மரப்பலகை மேடை, பிள்ளைகளுக்கு இரண்டு மிதிபடகுகள் என்பது திட்டம். செலவு நம் கார்பஸ் நிதியிலிருந்து. பலருக்கு இதில் ஆசை இருக்கிறது. எனக்கும் இல்லாமல் இல்லை. மாலையில் கரைமேல் நின்று தண்ணீரைப் பார்ப்பதைவிட நல்ல மருந்து இந்த வயதில் கிடையாது. ஆனாலும் கை தூக்குவதற்கு முன் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு வரலாறு உண்டு. அது நடந்த இடமும் வெகுதூரத்தில் இல்லை, நம் உத்திரமேரூர்தான்.

குளமும் ஏரியும் ஒன்றல்ல

முதலில் ஓர் அடிப்படை விஷயம். "கோயில் குளத்துக்கெல்லாம் படி இருக்கிறதே, ஏரிக்கு இருந்தால் என்ன?" என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலின் அனந்தசரஸ் குளத்தை 2019-ல் அத்திவரதர் தரிசனத்துக்குப் போனபோது நம்மில் பலர் பார்த்திருப்போம். கல்படிகள் வரிசையாக இறங்குகின்றன. குளம் என்பது தரையைத் தோண்டி ஆக்கியது. தண்ணீர் தரைமட்டத்துக்குக் கீழே நிற்கிறது. நான்கு பக்கமும் இருப்பது பூமி. அங்கே கல்படி வைத்தால் பக்கவாட்டு மண் சரியாமல் தாங்கும். படியே குளத்துக்குக் காவல்.

ஏரி அப்படி அல்ல. சரிவான நிலத்தில் தாழ்ந்த பக்கத்தில் மண்ணைக் கொட்டிக் கரை எழுப்பி, மேட்டுப் பக்கத்திலிருந்து வரும் மழைநீரைத் தடுத்து நிறுத்துவது ஏரி. கரைக்கு உட்புறம் தண்ணீர் நிற்கும் மட்டம், கரைக்கு வெளியே இருக்கும் வயலையும் வீட்டையும்விட உயரம். நம் குடியிருப்பு அந்த வெளிப்பக்கத்தில்தான் இருக்கிறது. ஏரி நிரம்பியிருக்கும் கார்த்திகை மாதத்தில், தண்ணீர் மட்டம் நம் கார் நிறுத்துமிடத்தைவிட மேலே நிற்கிறது என்பதை யாரும் யோசிப்பதில்லை. இடையில் இருப்பது வெறும் மண். அந்த மண்ணில்தான் நாம் படி வெட்டப் போகிறோம்.

மண்கரை முழுக்கக் காய்ந்திருப்பதில்லை. உட்புறத்தில் நீர் நிற்கும்போது கரையின் ஒரு பகுதி எப்போதும் ஊறியே இருக்கும். அந்த ஈரம் வெளிச்சரிவுக்கு வந்து சேராமல் இருக்கத்தான் கரையை அடியில் அகலமாகவும் மேலே குறுகலாகவும் கட்டுகிறார்கள். கரையின் குறுக்கே கான்கிரீட்டோ செங்கல்லோ வைத்தால் மண் ஒரு விதமாக அமுங்கும், கான்கிரீட் அமுங்காது. இரண்டுக்கும் நடுவே நூல் அளவு இடைவெளி விழும். நீருக்கு அந்த நூல் போதும். முதலில் ஈரக்கசிவு, பிறகு மண் கலந்த ஊற்று, பிறகு உடைப்பு. எலி வளை, நண்டு வளை, பட்டுப்போன மரத்தின் வேர் விட்டுச்சென்ற ஓட்டை என்று கரையைக் கெடுப்பவை எல்லாம் இந்த ஒரே வழியில்தான் கெடுக்கின்றன. அதனால்தான் மதகு போன்ற தவிர்க்க முடியாத கட்டுமானத்தை மட்டுமே கரைக்குள் அனுமதித்தார்கள். அதையும் தேர்ந்த கையால் கட்டினார்கள்.

வைரமேக தடாகம்

உத்திரமேரூர் காஞ்சிபுரத்திலிருந்து சுமார் 30 கிலோமீட்டர். 8-ஆம் நூற்றாண்டில் நந்திவர்ம பல்லவன் காலத்தில் சதுர்வேதிமங்கலமாக அமைந்த ஊர். அவன் மகன் தந்திவர்மனுக்கு வைரமேகன் என்றொரு பட்டப்பெயர் உண்டு. ஊரின் பெரிய ஏரிக்குக் கல்வெட்டுகளில் உள்ள பெயர் வைரமேக தடாகம். மன்னன் பெயரில் ஏரி அமைப்பது பல்லவர் வழக்கம். மகேந்திரவாடியில் மகேந்திர தடாகம், நம் மாவட்டத்துக் கூரத்தில் பரமேசுவர தடாகம் என்று வரிசையாகச் சொல்லலாம்.

ஏரியை வெட்டியது அரசன் பெயரில் என்றாலும், அதைக் காப்பாற்றியது ஊர்ச்சபை. சபையின் கீழ் ஏரி வாரியம் என்ற குழு இயங்கியது. வாரியம் என்றால் இன்றைய பேச்சில் நிர்வாகக் குழு. ஏரியில் ஆண்டுதோறும் படியும் வண்டலை அள்ளுவது, அதையே கரையில் போட்டு உயர்த்துவது, மதகையும் கலங்கலையும் பார்த்துக்கொள்வது இவர்கள் வேலை.

ஒரு வங்கிக்காரனாக என்னைக் கவர்ந்த விஷயம் இதற்கான பண ஏற்பாடு. ஏரியில் மண் எடுப்பதற்கென்று தனிநபர்கள் பொன்னையும் நிலத்தையும் கொடையாகக் கொடுத்தார்கள். பொன்னைச் சபை பெற்றுக்கொள்ளும், முதல் அப்படியே இருக்கும், வட்டியிலிருந்து ஆண்டுதோறும் வேலை நடக்கும். நம் வங்கிகளில் நிரந்தர வைப்பு என்கிறோமே, அதேதான். ஏரிக்கென்று ஒதுக்கிய நிலத்துக்கு ஏரிப்பட்டி என்றும், ஏரிக்காக வசூலிக்கும் வரிக்கு ஏரி ஆயம் என்றும் பெயர். தமிழகத்தின் வேறு பல ஊர்க் கல்வெட்டுகளில் ஏரிக்குள் ஓடம் விட்டு மண் அள்ளுவதற்கான ஏற்பாடுகளும் காணப்படுகின்றன. நம் ஊர் ஏரிகளில் படகு இருந்திருக்கிறது. ஆனால் அது கரைக்கு மண் சுமந்த படகு.

யார் ஏரியைத் தொடலாம்?

முதலாம் பராந்தக சோழனின் 12-ஆம், 14-ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது 919-லும் 921-லும், உத்திரமேரூர் சபை இரண்டு தீர்மானங்களைப் போட்டுக் கல்லில் வெட்டியது. பேருந்து நிலையத்தை ஒட்டிய வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் இன்றும் அவற்றைப் பார்க்கலாம். பலருக்கு இது "குடவோலைக் கல்வெட்டு" என்ற அளவில் தெரியும். 2020 டிசம்பர் 10 அன்று புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமர் இந்த ஊரைக் குறிப்பிட்டதும் நினைவிருக்கும். ஆனால் அந்தத் தேர்தல் எதற்காக என்று கேட்டால் பலரும் யோசிப்பார்கள். தேர்ந்தெடுக்கப்பட்ட குழுக்களில் ஒன்று ஏரி வாரியம்.

கணக்கு இப்படி. ஊரில் 30 குடும்புகள், அதாவது வார்டுகள். ஒவ்வொன்றிலும் தகுதியுள்ளவர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இடுவார்கள். விவரம் அறியாத ஒரு சிறுவன் ஓலையை எடுப்பான். வாங்குகிற மத்தியஸ்தர் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். விரலிடுக்கில் வேறு ஓலை ஒளிந்திருக்கக் கூடாது. இப்படிக் கிடைத்த 30 பேரில் 12 பேர் சம்வத்சர வாரியம், 12 பேர் தோட்ட வாரியம், 6 பேர் ஏரி வாரியம். தோட்டத்திலும் ஏரியிலும் ஏற்கெனவே பணியாற்றியவர்களும் வயதிலும் அறிவிலும் மூத்தவர்களும்தான் சம்வத்சர வாரியத்துக்கு. ஊரின் மேல்மட்ட நிர்வாகத்துக்குப் போக, தோட்டமும் ஏரியும் பயிற்சிக்கூடம் என்று இதற்குப் பொருள். பதவிக்காலம் 360 நாள்.

தகுதிகளும் கடுமை. கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வயது 35-க்குக் குறையாமல் 70-க்கு மேற்படாமல் இருக்க வேண்டும். இவற்றைவிட எனக்குப் பிடித்தது தகுதியின்மைப் பட்டியல். முன்பு ஏதாவது வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் நிற்க முடியாது. அவர் மட்டுமல்ல, தாய்வழி, தந்தைவழி என்று அவருடைய நெருங்கிய உறவினர் பெரும் பட்டியலே நிற்க முடியாது. இந்த விதியை நம் சங்கத்துக்குக் கொண்டுவந்தால் பொருளாளர் பதவிக்கு ஆளே கிடைக்காது என்று நம் செயலாளர் சிரித்தார்.

இதில் ஒரு பக்கத்தையும் மறைக்கக் கூடாது. குடத்தில் பெயர் போட்டவர்கள் நிலம் வைத்திருந்த, வேதம் படித்த ஆண்கள். ஏரியில் இறங்கி மண் வெட்டியவர்களுக்கும் கூடை சுமந்த பெண்களுக்கும் ஓலை கிடையாது. இன்றைய கண்ணால் பார்த்தால் அது முழு ஜனநாயகம் ஆகாது. ஆனால் ஏரி என்பது அதன் அருகில் வீடு உள்ளவருக்குத் தனிச் சொத்து அல்ல, அதற்குப் பதில் சொல்ல வேண்டிய ஒரு குழு உண்டு, அந்தக் குழு கணக்குக் காட்ட வேண்டும் என்ற மூன்றையும் அவர்கள் கல்லில் எழுதி வைத்தார்கள்.

பல்லவர், சோழர் செப்பேடுகளிலும் இதே எண்ணம் தெரிகிறது. ஒருவருக்கு ஊரைத் தானமாகக் கொடுக்கும்போது, அவர் சுட்ட செங்கல்லால் மாடி வீடு எடுக்கலாம், கிணறு தோண்டலாம் என்று உரிமை சொல்லும் பட்டயமே, உரிமையில்லாதவர் வாய்க்காலில் சிறு ஏற்றம் வைத்து இறைக்கக் கூடாது, கூடையால் நீர் இறைக்கக் கூடாது, வாய்க்காலைக் குறுக்கே வெட்டக் கூடாது என்று தடையும் சொல்கிறது. உன் மனையில் மாடி கட்டிக்கொள், பொதுநீரில் கை வைக்காதே என்பதுதான் சுருக்கம்.

கும்பினி காலமும் சட்டங்களும்

18-ஆம் நூற்றாண்டுப் போர்களில் செங்கல்பட்டுச் சீமை ஏரிகள் பாழாயின. 1794 முதல் 1798 வரை ஜாகீர் கலெக்டராக இருந்த லியோனல் பிளேஸ் அவற்றைப் பழுதுபார்ப்பதில் முனைந்தார். மதுராந்தகம் ஏரிக்கரை உடையும் நிலையில் ராம லட்சுமணர் வில்லோடு காவல் நின்றதை அவர் கண்டதாகவும், பிறகு தாயார் சந்நிதித் திருப்பணியைச் செய்ததாகவும் சொல்லப்படும் ஏரி காத்த ராமர் கதை நம் எல்லோருக்கும் தெரியும். கதை எப்படியானாலும், ஒரு மழை இரவில் கரை நிற்குமா என்ற கவலை எவ்வளவு பெரியது என்பதை அது சொல்கிறது.

1858-ல் வந்த சென்னை மாகாணக் கட்டாய உழைப்புச் சட்டம், கரை உடையும் ஆபத்து வந்தால் ஊரார் வேலைக்கு வர வேண்டும் என்றது. 1905-ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டம், சாலை, ஆறு, ஏரி போன்றவை தனியார் உரிமை நிரூபிக்கப்படாதவரை அரசின் சொத்து என்றது. உழைப்பு ஊராருடையது, உரிமை அரசுடையது என்று ஆனபோது குடிமராமத்து தேய்ந்தது. ஏரி வாரியம் இருந்த ஊர்களிலேயே "அது கவர்ன்மென்ட் ஏரி" என்ற பேச்சு வந்தது. அந்தப் பேச்சிலிருந்து ஆக்கிரமிப்புக்கு அதிக தூரமில்லை.

2001-ல் ஹிஞ்ச் லால் திவாரி வழக்கில் உச்ச நீதிமன்றம், குளம் குட்டைகள் சமூகத்தின் சொத்து, அவற்றை மனையாக்கக் கூடாது என்றது. 2005-ல் எல்.கிருஷ்ணன் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் நீர்நிலை ஆக்கிரமிப்புகளை அகற்றும்படி அரசுக்கு உத்தரவிட்டது. 2007-ல் தமிழ்நாடு ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் வந்தது. ஏரியின் எல்லையை அளந்து வெளியிட வேண்டும், உள்ளே இருப்பதை அறிவிப்புக் கொடுத்து அகற்றலாம், மீறினால் தண்டனை என்பது அதன் சாரம்.

நடைமுறைக்கு ஒரு குறிப்பு: 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள ஏரிகள் பொதுவாக நீர்வளத் துறையின் பொறுப்பில் இருக்கும். அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. எதுவானாலும் கரை நம் சங்கத்துடையது அல்ல. அ-பதிவேட்டிலும் புலப்படத்திலும் நம் மனை எங்கே முடிகிறது, ஏரிப் புறம்போக்கு எங்கே தொடங்குகிறது என்பதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். மதிலுக்கு வெளியே ஒரு படி வைத்தாலும் அது அரசு நிலத்தில் வைத்த படி. நல்ல எண்ணத்தோடு கட்டினாலும் பதிவேட்டில் அதற்குப் பெயர் ஆக்கிரமிப்புதான்.

அமெரிக்காவில் கட்டுகிறார்களே?

இந்தத் திட்டத்தை எழுதியவர் இணைத்திருந்த படங்கள் அமெரிக்க ஏரிக்கரை வீடுகளுடையவை. அங்கே அனுமதி உண்டுதான். ஆனால் அந்த அனுமதியின் கட்டுப்பாட்டையும் பார்க்க வேண்டும். பத்தாயிரம் ஏரிகளின் நாடு என்று பெருமை பேசும் மினசோட்டா மாநிலத்தின் கரையோர விதிகளில், குடியிருப்பு மனையில் படிக்கட்டின் அகலம் 4 அடிக்கு மேல் போகக் கூடாது. நடுவில் நின்று இளைப்பாறும் மேடை 32 சதுர அடிக்கு மேல் கூடாது. படிக்கு மேல் கூரை கூடாது. மண் அரிக்காதபடி தூண்கள்மேலோ மண்ணில் பதித்தோ கட்ட வேண்டும். படித்துறைப் பலகைக்கும் அகல வரம்பு உண்டு. சொந்த மனையிலேயே இவ்வளவு.

அதிலும், அங்குள்ள ஏரிகளில் பெரும்பாலானவை பனிப்பாறை குடைந்துவிட்டுப் போன இயற்கைப் பள்ளங்கள். செங்குத்தான கரை என்றால் அது குன்றின் சரிவு. படி வெட்டியதால் அந்தச் சரிவு கொஞ்சம் சரிந்தால் வீட்டுக்காரருக்குத் தோட்டத்தில் நஷ்டம். இங்கே சரிந்தால் கீழே உள்ள வயல்களுக்கும், காலனி வீடுகளுக்கும், நம் தரைத்தளத்து 8 வீடுகளுக்கும் நஷ்டம். 2015 டிசம்பரில் மாவட்டத்து ஏரிகள் வரிசையாகக் கோடி போனபோது நாம் இரவெல்லாம் விழித்திருந்ததை தரைத்தளத்தில் இருப்பவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அன்று நம்மைக் காப்பாற்றியது அந்த மண்கரை ஒன்றுதான்.

அப்படியானால் என்ன செய்யலாம்?

ஒன்றும் செய்யாமல் இருப்பதும் சரியில்லை. ஏனென்றால் நாம் ஏற்கெனவே கரையைத் தொட்டுவிட்டோம். பின்பக்கச் சந்து வழியாக நடைப்பயிற்சிக்குப் போகிறவர்கள் கரைமேல் ஏறி ஏறி ஓர் ஒற்றையடிப்பாதை விழுந்திருக்கிறது. மழையில் அது சிறு ஓடையாகி வெளிச்சரிவு மண்ணை இழுத்துக்கொண்டு வருகிறது. அந்தச் செம்மண் நம் சந்திலேயே படிவதைப் பார்க்கலாம். வயதானவர்கள் அதில் வழுக்கி விழுந்ததும் உண்டு. ஆக, படி கேட்பவர்களின் காரணம் பொய்யில்லை.

என் யோசனைகளைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

முதலாவது, கதவும் படியும் மேடையும் கொண்ட தீர்மானத்தை இப்போதைய வடிவில் நிறைவேற்ற வேண்டாம். நம் பணத்தில் அரசு நிலத்தில் கட்டி, நாளை இடிக்கச் சொன்னால் தணிக்கையாளர் கேட்கும் கேள்விக்குப் பதில் இருக்காது.

இரண்டாவது, ஏரிக்குப் பொறுப்பான அலுவலகத்துக்குச் சங்கத்தின் பெயரில் எழுத்து மூலம் மனு கொடுப்போம். ஒற்றையடிப்பாதை அரித்த இடத்தில் மண் போட்டுக் கெட்டிப்படுத்த வேண்டும், கரைமேல் ஏறுவதற்கு ஏற்கெனவே மதகருகே உள்ள சரிவுப்பாதையைச் சீர்செய்ய வேண்டும் என்பவை மனுவின் கோரிக்கைகள். அதுவரை நாமே அந்த ஒற்றையடிப்பாதையில் ஏறுவதை நிறுத்திக்கொள்வோம். மதகு வரை 5 நிமிட நடை அதிகம். நடைப்பயிற்சிக்குத்தானே போகிறோம்.

மூன்றாவது, ஏரியைப் பார்க்க ஆசைப்படுபவர்களுக்கு நம் பி பிளாக் மொட்டை மாடி இருக்கிறது. கரையைவிட உயரம். லிஃப்ட் அங்கே வரை போகிறது. நிழற்கூரையும் நான்கு பெஞ்சுகளும் போட்டால் நடக்க முடியாதவர்களும் மாலையில் தண்ணீரைப் பார்க்கலாம். நம் சொந்த இடம், நம் சொந்தப் பணம். விரும்பினால் செங்கல்லிலேயே எடுக்கலாம், செப்பேட்டு வாசகப்படி அனுமதி உண்டு.

நான்காவது, ஒவ்வோர் ஆண்டும் ஐப்பசிக்கு முன் கலங்கலிலிருந்து வெளியேறும் கால்வாயில் நம் மதில் ஓரம் உள்ள பகுதியைச் சுத்தம் செய்ய ஒரு சிறு தொகையை ஒதுக்குவோம். அதில் அடைந்திருக்கும் பிளாஸ்டிக்கில் நம் வீட்டுப் பைகளும் இருக்கின்றன. கார்பஸில் ஒரு பகுதியைத் தனி வைப்பாகப் போட்டு வட்டியிலிருந்து இதைச் செய்தால், உத்திரமேரூர்ச் சபை வைரமேக தடாகத்துக்குச் செய்த அதே முறையாகும். இந்த வேலைக்கும் துறையின் அனுமதியை முன்கூட்டியே வாங்கிவிடலாம்.

இதைப் பார்த்துக்கொள்ள 6 பேர் கொண்ட குழு ஒன்று அமைக்கலாம். ஏரி வாரியம் என்றே பெயர் வைக்கலாம். சீட்டுக் குலுக்கித் தேர்ந்தெடுப்போம், இம்முறை பெண்கள் பெயரும், வாடகைக்குக் குடியிருப்பவர்கள் பெயரும் குடத்தில் இருக்கட்டும். பதவிக்காலம் ஓராண்டு. கணக்கை அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும் என்பது மட்டும் கட்டாயம்.

பொதுக்குழுவுக்கு முன் உத்திரமேரூர் ஒருமுறை போய்வர விரும்புகிறவர்கள் என்னிடம் சொல்லுங்கள். ஒரு வேன் ஏற்பாடு செய்யலாம். காலையில் கிளம்பினால் வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டையும், மூன்று தளமுள்ள சுந்தர வரதராஜப் பெருமாள் கோயிலையும், ஏரிக்கரையையும் பார்த்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம். தீர்மானத்துக்கு ஆதரவாக இருப்பவர்கள் அவசியம் வர வேண்டும். கல்வெட்டைப் பார்த்த பிறகும் அவர்கள் கருத்து மாறாவிட்டால், பொதுக்குழுவில் வாக்கெடுப்பு நடக்கட்டும், முடிவு எதுவானாலும் நான் கட்டுப்படுகிறேன்.